நிறுத்திவைக்க முடியாத விளையாட்டு: ஆன்லைன் மாய உலகங்கள் ஏன் இத்தனை பேரை இழுக்கின்றன?

"அஞ்சு நிமிஷம் நிறுத்திட்டு வா."

"இப்ப நிறுத்த முடியாதும்மா."

"விளையாட்டுதானே? வந்து விட்ட இடத்திலிருந்து ஆடேன்."

"இது அப்படி இல்லம்மா, புரிஞ்சுக்கோ."

பிள்ளைகள் கணினி விளையாட்டு ஆடும் வீடுகளில் இந்தப் பேச்சு அடிக்கடி நடக்கும். கேட்கிற அம்மாவுக்கு அது சாக்குப்போக்காகத்தான் படும். ஆனால் அந்தப் பிள்ளை சொல்வது முழு உண்மை. ஆயிரக்கணக்கானோர் ஒரே மாய உலகத்துக்குள் சேர்ந்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளில், நிறுத்திவைக்கும் பொத்தான் என்று ஒன்று கிடையவே கிடையாது.

ஏன் கிடையாது என்ற கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனாலே, இந்த விளையாட்டுகளின் ஈர்ப்பு முக்கால்வாசி புரிந்துவிடும். ஆடாதவர்கள் இதைப் பற்றிப் பேசும்போது இரண்டு விளக்கங்கள்தான் காதில் விழுகின்றன. ஒன்று, "படம் நிஜம் மாதிரியே இருக்கு, அதான் மயங்கிடறாங்க." இன்னொன்று, "அது ஒரு போதை." முதல் விளக்கம் தவறு. இரண்டாவதில் ஓரளவு உண்மை இருக்கிறது, ஆனால் அதை அவ்வளவு சுருக்கமாகச் சொன்னால் நடப்பது எதுவுமே புரியாமல் போய்விடுகிறது. அதனால்தான் இந்தக் கட்டுரை.

## இந்த நீளமான பெயருக்கு என்ன பொருள்?

இந்த வகைக்கு எம்.எம்.ஓ.ஆர்.பி.ஜி. என்று பெயர். வாய்க்குள் நுழையாத பெயர்தான். பின்னாலிருந்து பிரித்தால் எளிது.

கடைசி மூன்று எழுத்துகள், ஆர்.பி.ஜி., 'ரோல் பிளேயிங் கேம்' என்பதன் சுருக்கம். அதாவது வேடமேற்று ஆடும் விளையாட்டு. நீங்கள் ஒரு பாத்திரத்தை உருவாக்கி, அந்தப் பாத்திரமாகவே முடிவெடுக்கிறீர்கள். இது கணினியில் பிறந்ததல்ல. 1974-இல் அமெரிக்காவில் வெளிவந்த 'டன்ஜன்ஸ் அண்டு டிராகன்ஸ்' என்ற மேசை விளையாட்டில், நாலைந்து நண்பர்கள் சுற்றி உட்கார்ந்துகொள்வார்கள். ஒருவர் கதை சொல்வார், மற்றவர்கள் போர்வீரனாகவோ மந்திரவாதியாகவோ பேசுவார்கள். அடி விழுந்ததா இல்லையா என்பதைப் பகடை தீர்மானிக்கும். வேறு கருவி எதுவும் வேண்டாம்.

முன்பாதியான எம்.எம்.ஓ. என்பதற்கு, மிகப் பெரிய கூட்டம் ஆன்லைனில் ஒன்றாக ஆடுவது என்று பொருள். நாலைந்து நண்பர்கள் உட்கார்ந்திருந்த அந்த மேசையை ஒரு தேசத்தின் அளவுக்கு நீட்டினால் கிடைப்பது இந்த விளையாட்டு.

## நீங்கள் தூங்கினாலும் தூங்காத ஊர்

சதுரங்கப் பலகையை நினைத்துக்கொள்ளுங்கள். பாதி ஆட்டத்தில் எழுந்து போனால் காய்கள் அப்படியே நிற்கும். நாளைக்கு வந்தாலும் ராஜா அதே கட்டத்தில்தான் இருப்பார். தனியாக ஆடும் கணினி விளையாட்டுகளும் இப்படித்தான். அந்த உலகம் உங்கள் கணினிக்குள் இருக்கிறது, நீங்கள் அணைத்தால் அதுவும் அணைந்துவிடும்.

இப்போது ஓர் ஊரை நினைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் வெளியூர் போய்விட்டால் ஊர் உறைந்து நிற்பதில்லை. கடைகள் திறக்கின்றன, புதிதாக ஆட்கள் குடிவருகிறார்கள், உங்களைப் பற்றி நாலு பேர் பேசவும் செய்யலாம். திரும்பி வரும்போது ஊர் கொஞ்சம் மாறித்தான் இருக்கும். எம்.எம்.ஓ. உலகம் இந்த இரண்டாவது வகை. இதை 'நிலைத்த உலகம்' என்பார்கள்: யாரும் ஆடாத நேரத்திலும் தொடர்ந்து இயங்கும் உலகம்.

அந்த உலகம் இருப்பது உங்கள் கணினியில் அல்ல, சர்வரில். சர்வர் என்பது எங்கோ ஒரு கட்டடத்தில் இரவும் பகலும் ஓடும் பெரிய கணினி. உங்கள் திரை அந்த உலகத்தைப் பார்க்கும் ஜன்னல் மட்டுமே. வாளை வீசும் விசையை அழுத்தினால், "இவர் வீசுகிறார்" என்ற செய்தி சர்வருக்குப் போகிறது. எதிரி எட்டும் தூரத்தில் இருக்கிறாரா, எவ்வளவு அடி விழுந்தது என்பதையெல்லாம் சர்வர் கணக்குப் போட்டு, அருகில் நிற்கும் எல்லோருடைய திரைக்கும் முடிவை அனுப்புகிறது. 'ரூன்ஸ்கேப்' என்ற விளையாட்டில் இந்தக் கணக்கு 0.6 விநாடிக்கு ஒருமுறை நடக்கிறது. அந்தத் துடிப்பில்தான் அந்த உலகம் முழுவதும் நகர்கிறது.

அம்மாவின் கேள்விக்கு முதல் பதில் இங்கே கிடைத்துவிட்டது. ஒருவருக்காக அந்தத் துடிப்பை நிறுத்தினால், உள்ளே இருக்கும் மற்ற எல்லோருக்கும் அது நின்றுவிடும். அதனால் யாருக்காகவும் நிறுத்துவதில்லை. இன்னொரு பதிலும் இருக்கிறது. அதற்குக் கொஞ்சம் போகவேண்டும்.

## படம் அழகாக இருப்பதாலா?

இல்லை என்று இவ்வளவு உறுதியாகச் சொல்லக் காரணம், இந்த வகையின் மூதாதையில் படமே இல்லை என்பதுதான். 1978-இல் இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ராய் டிரப்ஷா என்ற மாணவர் ஒரு நிரலை எழுதத் தொடங்கினார். பிறகு ரிச்சர்ட் பார்ட்டில் அதை எடுத்து வளர்த்தார். பெயர் 'மட்'. திரையில் எழுத்து மட்டும்தான் வரும். நீங்கள் நிற்கும் இடம் எப்படி இருக்கிறது, யார் உள்ளே வந்தார், என்ன சொன்னார் என எல்லாமே வாக்கியங்களாக வரும். "வடக்கே போ" என்பதையும் தட்டச்சு செய்துதான் சொல்லவேண்டும். அதற்கும் ஆட்கள் இரவெல்லாம் விழித்துக் கிடந்தார்கள்.

படங்கள் அப்புறம் வந்தன. 1997-இல் 'அல்டிமா ஆன்லைன்', 1998-இல் தென்கொரியாவில் 'லினியேஜ்', 1999-இல் 'எவர்குவெஸ்ட்'. 2004 நவம்பரில் வந்த 'வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்' இந்த வகையைப் பொது மக்களிடம் கொண்டுசேர்த்தது. 2010-இல் அதன் சந்தாதாரர்கள் 1.2 கோடிப் பேர்.

படம்தான் காரணம் என்றால், புதிய படம் வந்ததும் பழையதை எல்லோரும் கைவிட்டிருக்கவேண்டும். நடந்தது வேறு. 'ரூன்ஸ்கேப்' நிறுவனம் தன் விளையாட்டின் 2007-ஆம் ஆண்டுப் பதிப்பை 2013-இல் மீண்டும் திறந்துவிட்டது. கட்டை கட்டையான உருவங்கள், மங்கலான வண்ணங்கள். ஆனால் மெருகேற்றிய புதிய பதிப்பைவிட இதில்தான் கூட்டம் அதிகம். 2019-இல் 'வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்' தன் பழைய வடிவத்தைத் திறந்தபோதும், உள்ளே நுழைய வரிசையில் மணிக்கணக்காகக் காத்திருந்தார்கள். அவர்களெல்லாம் காத்திருந்தது படத்துக்காக இருக்க முடியாது.

இதுவரை பார்த்ததை ஒருமுறை பிடித்துக்கொள்வோம். இது எல்லோருக்கும் பொதுவான, ஓயாமல் ஓடும் ஓர் உலகம். நீங்கள் பார்ப்பது அதன் ஜன்னலை. படத்தின் அழகு கூடுதல் சுவைதான், பிடிப்பு வேறெங்கோ இருக்கிறது.

## கண்ணுக்குத் தெரியும் வளர்ச்சி

ஒரு புதிய மொழியைக் கற்கிறீர்கள். மூன்று மாதம் ஆகிறது. நேற்றைக்கு இன்று எவ்வளவு தேறியிருக்கிறோம் என்று கேட்டால் பதில் சொல்ல முடியாது. வாழ்க்கையில் உழைப்புக்கும் பலனுக்கும் நடுவே பெரிய இடைவெளி இருக்கிறது, சில நேரம் பலன் வராமலே போவதும் உண்டு.

விளையாட்டில் அந்த இடைவெளியே இல்லை. ஓர் ஓநாயை வீழ்த்தினால் திரையின் அடியில் ஒரு பட்டை கொஞ்சம் நிரம்புகிறது. அதில் சேர்வது அனுபவப் புள்ளி. பட்டை முழுதாக நிரம்பினால் உங்கள் பாத்திரம் அடுத்த லெவலுக்குப் போகிறது: உடல் வலு கூடும், புதிய மந்திரம் கிடைக்கும், நேற்று எட்டிப்பார்க்கக்கூட முடியாத காட்டுக்குள் இன்று நுழையலாம். ஒரு மணி நேரம் உழைத்தால் ஒரு மணி நேரத்துக்கு உரிய பலன் கண்முன் நிற்கும். ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்து இந்தப் புள்ளிகளைச் சேர்ப்பதை ஆடுபவர்கள் 'கிரைண்டிங்' என்கிறார்கள். வெளியிலிருந்து பார்த்தால் சலிப்பூட்டும் வேலை. உள்ளே இருப்பவருக்கு அது வீண்போகாது என்று நிச்சயமாகத் தெரிந்த உழைப்பு.

ஒரே எண்ணை எப்படிக் காட்டுகிறோம் என்பதில் எவ்வளவு இருக்கிறது என்பதற்கு ஒரு சம்பவம் சொல்கிறேன். 'வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்' வெளிவருவதற்கு முன் நடந்த சோதனை ஓட்டத்தில், நெடுநேரம் தொடர்ந்து ஆடினால் பாத்திரம் களைத்துப்போய், அனுபவப் புள்ளி பாதியாகக் குறையும்படி வைத்திருந்தார்கள். ஆட்கள் ஓய்வெடுக்கட்டும் என்ற நல்லெண்ணம்தான். ஆடியவர்களுக்குக் கோபம் வந்துவிட்டது, "எங்களைத் தண்டிக்கிறீர்கள்" என்றார்கள். வடிவமைப்பாளர்கள் எண்களை அப்படியே வைத்துக்கொண்டு பெயரை மட்டும் மாற்றினார்கள். குறைந்த அளவுக்கு 'சாதாரணம்' என்று பெயர், முழு அளவுக்கு 'ஓய்வெடுத்ததற்கான இரட்டிப்புப் பரிசு' என்று பெயர். கிடைக்கும் புள்ளி பழைய கணக்குதான். எதிர்ப்பு அடங்கி, எல்லோரும் அதை வரவேற்றார்கள். இந்த விளையாட்டுகளின் ஒவ்வொரு மூலையிலும் இப்படி யாரோ ஒருவர் யோசித்து வைத்த ஒரு முடிவு இருக்கிறது.

## 'அடுத்த தடவை கிடைக்கும்'

லெவல் நிச்சயமான பலன். அதோடு நிச்சயமில்லாத ஒன்றையும் சேர்த்து வைத்திருக்கிறார்கள். அதுதான் லூட்: வீழ்த்திய அரக்கன் விட்டுச் செல்லும் பொருள். பெரும்பாலும் உருப்படியாக ஒன்றும் இருக்காது. எப்போதாவது எல்லோரும் தேடும் வாள் இருக்கும்.

ஒரு வாள் நூற்றில் ஒரு முறை கிடைக்கும் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் நூறு முறை முயன்றால் கட்டாயம் கிடைத்துவிடும் என்றுதான் மனம் கணக்குப் போடும். உண்மை அதுவல்ல. நூறு பேர் ஆளுக்கு நூறு முறை முயன்றால், சுமார் 37 பேர் வெறுங்கையோடுதான் நிற்பார்கள். ஆளுக்கு முந்நூறு முறை முயன்றாலும் ஐந்து பேருக்குக் கிடைத்திருக்காது. ஒவ்வொரு முயற்சியும் புதிது, முந்தைய தோல்விகளை சர்வர் நினைவில் வைத்துக்கொள்வதில்லை. இன்னொரு பக்கம், முதல் முயற்சியிலேயே வாங்கிப் போனவரும் அதே கூட்டத்தில் இருப்பார், அதை எல்லோருக்கும் காட்டவும் செய்வார்.

எப்போது வரும் என்று தெரியாத பரிசுக்காக விலங்குகள் சளைக்காமல் முயல்வதை அமெரிக்க உளவியலாளர் பி.எஃப். ஸ்கின்னர் விரிவாக ஆராய்ந்தார். பத்துக்கு ஒன்று என்று ஒழுங்காகக் கொடுத்தால், பரிசு கிடைத்ததும் சற்று ஓய்ந்துவிடும். ஒழுங்கில்லாமல் கொடுத்தால் ஓயாது. லூட்டின் இழுப்பு இதே இழுப்புதான். இதை மறைக்கவேண்டியதில்லை.

ஆனால் இது மட்டும்தான் காரணம் என்றால், பகடை உருட்டும் எளிய விளையாட்டு போதும். இவ்வளவு பெரிய உலகம் எதற்கு?

## தனியாக முடியாது

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளலாம் என்றால், இந்தப் பகுதியை வைத்துக்கொள்ளுங்கள்.

கூடைப்பந்தில் உயரமானவர், வேகமானவர், குறி தவறாதவர் என்று ஆட்கள் வேண்டும். எம்.எம்.ஓ.வில் இந்தப் பிரிவினையை இன்னும் ஒரு படி மேலே கொண்டுபோகிறார்கள். யாரும் தனியாக முழுமையாக இருக்க முடியாதபடி பாத்திரங்களை வேண்டுமென்றே குறையோடு படைக்கிறார்கள். பரவலாக இருப்பது மூன்று வேலைகள். டேங்க் என்பவர் கனத்த கவசம் அணிந்து, அரக்கனின் அடியையெல்லாம் தன்மேல் வாங்கிக்கொள்பவர். அவரால் பெரிதாகத் திருப்பி அடிக்க முடியாது. டி.பி.எஸ். என்பவர் பலமாக அடிப்பவர், இரண்டு அடி வாங்கினால் காலி. ஹீலர் என்பவர் மற்றவர்களின் காயத்தை மந்திரத்தால் ஆற்றுபவர், சண்டையில் அவர் கை எடுபடாது. மூன்று பேரும் தனித்தனியே அரைகுறை. சேர்ந்தால் மலையைப் புரட்டுவார்கள்.

இந்த வேலைகள் எல்லாம் ஒன்றுகூடும் இடம் ரெய்டு: பத்து, இருபது, சில விளையாட்டுகளில் நாற்பது பேர் சேர்ந்து ஒரு பெரிய எதிரியை வீழ்த்தும் படையெடுப்பு. நான் பெரும்பாலும் ஹீலராகத்தான் ஆடியிருக்கிறேன், அதனால் அந்த இருக்கையிலிருந்தே சொல்கிறேன்.

இருபது பேர் குகை வாசலில் நிற்கிறோம். எல்லோர் காதிலும் ஹெட்போன். தலைவர் மூன்று, இரண்டு, ஒன்று என்று எண்ணுகிறார். டேங்க் முதலில் ஓடிப்போய் டிராகனை அடித்து, அதன் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி நிறுத்துகிறார். அது நெருப்பு உமிழும், அந்த வாய் எங்கள் பக்கம் திரும்பக்கூடாது. அடிப்பவர்கள் பின்னாலிருந்து அடிக்கிறார்கள். நான் டிராகனைப் பார்ப்பதே இல்லை. இத்தனை செலவு செய்து வரைந்த டிராகன், ஆனால் என் கண் திரையின் ஓரத்தில் இருக்கும் இருபது பச்சைப் பட்டைகளில்தான் இருக்கும். ஒவ்வொரு பட்டையும் ஓர் ஆளின் உயிர். யாருடையது சடாரென்று குறைகிறது, அடுத்த இரண்டு விநாடிக்குள் யாரை எட்டலாம், யாரை விட்டுவிடவேண்டும் என்பதுதான் என் ஆட்டம்.

ஆர்வக்கோளாறில் ஒருவர் அளவுக்கு மீறி அடித்துவிட்டால் டிராகனின் கோபம் டேங்க்கை விட்டு அவர் பக்கம் போகும். அது திரும்பும். நெருப்பு எங்கள்மேல் விழும். நாலு விநாடியில் இருபது பேரும் தரையில். சரி, மறுபடி வாசலுக்கு. அன்று அப்படிப் பதினைந்து முறை விழுந்தோம், ஒருமுறை டிராகனுக்கு இரண்டே சதவீத உயிர் பாக்கி இருந்தபோது. பதினாறாவது முறை அது சரிந்தபோது இருபது பேரும் ஒரே நேரத்தில் கத்தியதில் ஹெட்போனில் ஒரு சொல்லும் புரியவில்லை.

இப்போது அம்மாவின் கேள்விக்கு இரண்டாவது பதிலைச் சொல்லலாம். அந்த நடுவில் டேங்க் நாற்காலியிலிருந்து எழுந்தால் மற்ற 19 பேரும் செத்தார்கள். அவர்கள் நிரல் அல்ல. வேலை முடிந்து வந்து, இந்த இரண்டு மணி நேரத்தை ஒதுக்கி உட்கார்ந்திருக்கும் ஆட்கள். "நிறுத்த முடியாதும்மா" என்பதில் பாதி, "அவங்களை விட்டுட்டு வர முடியாதும்மா" என்பதுதான்.

## கில்ட்

முன்பின் தெரியாத இருபது பேர் வாராவாரம் சரியான நேரத்துக்குக் கூடவேண்டும் என்றால் அதற்கு ஓர் அமைப்பு வேண்டும். அதுதான் கில்ட்: ஒரே பெயரில் பதிவுசெய்துகொண்ட ஆட்டக்காரர்களின் குழு. அதற்குத் தலைவர் உண்டு, பொதுக் களஞ்சியம் உண்டு, புதியவரைச் சேர்க்கலாமா என்ற விவாதம் உண்டு, மனத்தாங்கலும் பிரிவும்கூட உண்டு. ரெய்டுக்காகக் கூடியவர்கள் ரெய்டு இல்லாத நாளிலும் சும்மா பேச வருவார்கள். கில்டில் சேர்ந்தவர் லெவலுக்காக வந்து ஆட்களுக்காகத் தங்கிவிடுகிறார். பல ஆண்டுகள் ஆடியவர் எவரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்.

இங்கே ஒருவரின் வயதோ, உடலோ, உத்தியோகமோ யாருக்கும் தெரியாது. நீங்கள் தேர்ந்தெடுத்த உருவமும் நீங்கள் நடந்துகொள்ளும் விதமும்தான் தெரியும். நார்வேயில் தசைகள் படிப்படியாகச் செயலிழக்கும் நோயோடு பிறந்த ஓர் இளைஞர் இருந்தார். சக்கர நாற்காலியில், வீட்டுக்குள்ளேயே, கணினி முன்னால் வாழ்ந்தவர். 2014-இல் தன் 25-ஆவது வயதில் இறந்துபோனார். மகன் யாருடைய நட்பும் இல்லாமல் தனிமையிலேயே போய்ச்சேர்ந்தான் என்று பெற்றோர் உருகினார்கள். அவர் எழுதிவந்த வலைப்பதிவில் இறப்புச் செய்தியைப் போட்டார்கள். பல நாடுகளிலிருந்து மின்னஞ்சல்கள் வரத் தொடங்கின. எல்லாம் அவருடைய கில்டைச் சேர்ந்தவர்கள். அவர் தங்களுக்கு எப்படி ஆறுதல் சொன்னார், எப்படி உதவினார் என்று பக்கம் பக்கமாக எழுதியிருந்தார்கள். சிலர் இறுதிச் சடங்குக்கே வந்து சேர்ந்தார்கள். அந்தக் கதை பின்னாளில் ஆவணப்படமாகவும் வந்தது. "அதெல்லாம் பொய்யான உலகம்" என்று யாராவது சொல்லும்போது எனக்கு அந்த மின்னஞ்சல்கள்தான் நினைவுக்கு வருகின்றன.

மறுபடி ஒரு பிடி: வளர்ச்சி கண்ணுக்குத் தெரிகிறது, பரிசு எதிர்பாராமல் வருகிறது, ஆனால் பெரிய காரியம் எதுவும் கூட்டு இல்லாமல் நடக்காது. அந்தக் கூட்டுதான் ஆட்களைக் கட்டிப்போடுகிறது.

## எல்லோரும் ஒரே காரணத்துக்காக வருவதில்லை

மேலே பார்த்த பார்ட்டில் 1996-இல் எழுதிய ஒரு கட்டுரையில் ஆட்டக்காரர்களை நான்கு வகையாகப் பிரித்தார். லெவலையும் பட்டத்தையும் துரத்தும் சாதிப்பவர்கள். வரைபடத்தின் கடைசி மூலை வரை நடந்து பார்க்கும் தேடுபவர்கள். பேசுவதற்காகவே வருபவர்கள். மற்ற ஆட்டக்காரர்களை வீழ்த்துவதில் இன்பம் காண்பவர்கள். யாரும் முழுக்க ஒரே வகை அல்ல, நாளுக்கு நாளும் மாறும்.

இந்தப் பிரிவினையைவிட முக்கியம், இந்த நால்வரும் ஒருவருக்கொருவர் தேவை என்று அவர் காட்டியது. சாதித்தவருக்கு அதைப் பார்த்து வியக்க ஆள் வேண்டும். பேசுபவர்களுக்குப் பேச விஷயம் வேண்டும். வேட்டையாடுபவர்கள் அளவுக்கு மீறினால் மற்றவர்கள் ஓடிவிடுவார்கள், உலகம் காலியாகிவிடும்.

## படைத்தவர்களும் எதிர்பாராதவை

நிஜ மனிதர்கள் உள்ளே இருப்பதால், என்ன நடக்கும் என்று விளையாட்டை எழுதியவர்களுக்கே தெரியாது. 'அல்டிமா ஆன்லைன்' உலகத்தில் தாவரம், மான், ஓநாய் என்று ஒரு முழு உணவுச் சங்கிலியை வடிவமைத்திருந்தார்கள். மக்கள் உள்ளே வந்து, கண்ணில் பட்ட விலங்கையெல்லாம் தோன்றியவுடனே கொன்று தீர்த்தார்கள். சங்கிலி இயங்கவே வாய்ப்பில்லாமல் போனது, அந்த ஏற்பாட்டையே எடுத்துவிட்டார்கள்.

2005 செப்டம்பரில் 'வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்'டில் நடந்தது இன்னும் விசித்திரம். ஒரு புதிய ரெய்டின் எதிரிக்கு, தொற்றிப் பரவும் ஒரு சாபத்தைக் கொடுத்திருந்தார்கள். அந்த ரெய்டு நடக்கும் கோயிலுக்குள்ளேயே அது முடிந்துவிடும் என்பது கணக்கு. ஆனால் ஆட்டக்காரர்கள் வளர்க்கும் பிராணிகளுக்கும் அது தொற்றியது. தொற்றிய பிராணியை மறையவைத்து, நகரத்துக்குப் போய் மறுபடி அழைத்தால் நோயோடு வந்து நின்றது. நகரத்தின் கடைக்காரர்களும் காவலர்களும் நிரலால் இயங்கும் பாத்திரங்கள். அவர்களுக்கும் தொற்றியது, ஆனால் அவர்கள் சாகவில்லை, அறிகுறியில்லாமல் பரப்பிக்கொண்டே இருந்தார்கள். புதிதாக ஆட வந்தவர்கள் சந்தைக்குள் கால் வைத்த சில விநாடிகளில் விழுந்தார்கள். வீதியெங்கும் எலும்புக்கூடுகள்.

அப்போது மனிதர்கள் நடந்துகொண்ட விதம்தான் கவனிக்கவேண்டியது. சில ஹீலர்கள் ஓடிவந்து முகம் தெரியாதவர்களுக்குச் சிகிச்சை கொடுத்தார்கள். சிலர் காட்டுக்குள் ஒதுங்கினார்கள். சிலர் வேண்டுமென்றே நோயைச் சுமந்து அடுத்த ஊருக்குப் போனார்கள். தனிமைப்படுத்தும் முயற்சி பலிக்காமல், கடைசியில் நிறுவனம் நிரலையே திருத்தி முடித்துவைத்தது. நிஜத் தொற்றுநோயின்போது மக்கள் எப்படி நடந்துகொள்வார்கள் என்பதற்கு இதில் பாடம் இருக்கிறது என்று, நோய்ப்பரவல் ஆய்வாளர்கள் 2007-இல் மருத்துவ ஆய்விதழில் கட்டுரை எழுதினார்கள்.

பொருளாதாரமும் அப்படித்தான். அரக்கர்கள் தங்கக் காசை உதிர்த்துக்கொண்டே இருந்தால், அது ஓயாமல் நோட்டு அச்சடிப்பதற்குச் சமம். காசு மலிந்து, பொருளின் விலை ஏறும். அதனால் கவசத்தைப் பழுதுபார்க்க, ஏலத்தில் விற்க என்று காசை உறிஞ்சும் வழிகளையும் வைக்கிறார்கள். 2001-இல் எட்வர்ட் காஸ்ட்ரனோவா என்ற பொருளியலாளர் 'எவர்குவெஸ்ட்' உலகத்தின் தலா உற்பத்தியைக் கணக்கிட்டபோது, அது ரஷ்யாவுக்கும் பல்கேரியாவுக்கும் நடுவே வந்து நின்றது.

## அப்படியானால், போதையா?

சிலருக்கு ஆகிறது. உலக சுகாதார அமைப்பு 2019-இல் ஏற்ற நோய்ப் பட்டியலில், 'விளையாட்டுச் சீர்கேடு' என்ற நிலை சேர்க்கப்பட்டது. 2022 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. எத்தனை மணி நேரம் ஆடுகிறார் என்பது அதன் அளவுகோல் அல்ல. ஆட்டத்தின்மேல் கட்டுப்பாடு போவது, வாழ்க்கையின் மற்றவற்றைவிட அதற்கே முதலிடம் கொடுப்பது, கெடுதல் வந்தபிறகும் தொடர்வது, இவை படிப்பையோ வேலையையோ உறவையோ கடுமையாகப் பாதிப்பது, பொதுவாக 12 மாதமாவது இப்படி நீடிப்பது ஆகியவற்றைத்தான் பார்க்கிறார்கள். வாரம் மூன்று இரவு ரெய்டுக்குப் போய், மற்ற நாட்களில் வேலையும் குடும்பமும் ஒழுங்காக நடத்துபவர் இதில் வரமாட்டார்.

வடிவமைப்பின் பங்கையும் சொல்லித்தான் ஆகவேண்டும். ஒருநாள் விட்டால் போய்விடும் தினசரிப் பரிசுகள், என்ன இருக்கிறது என்று தெரியாமலே காசு கொடுத்து வாங்கும் மர்மப் பெட்டிகள் இவையெல்லாம் கூட்டு ஆட்டத்தின் இன்பத்துக்குத் தேவையே இல்லாதவை. அப்படிக் காசுக்கு விற்கும் பெட்டிகளைச் சூதாட்டம் என்று பெல்ஜியம் 2018-இல் அறிவித்தது. அது சரியான முடிவு என்றே நினைக்கிறேன். ஒரு விளையாட்டு நல்லதா என்று பார்க்க நான் வைத்திருக்கும் கேள்வி ஒன்று: இது என்னைத் திரும்ப அழைப்பது ஆட்களைக் காட்டியா, இழப்பைக் காட்டியா?

வீட்டில் ஆடுபவரோடு பேச விரும்பினால், ரெய்டு நடுவில் கூப்பிடாதீர்கள், தொடங்கும் முன்பே கேளுங்கள். "இன்னைக்கு எத்தனை மணிக்கு முடியும்?" என்றால் ஓரளவு சரியான நேரம் சொல்வார்கள், ஏனென்றால் மற்ற 19 பேருக்கும் அதே நேரத்தைத்தான் சொல்லியிருப்பார்கள். அப்புறம் ஒன்று. "நீ அதுல யாரு, டேங்கா, ஹீலரா?" என்றும் கேட்டுப் பாருங்கள். பதில் கொஞ்சம் நீளமாக வரும், உட்கார்ந்தே கேளுங்கள்.